மழை காட்டில், ஈரம் வீட்டில்

ஈரத் தார்ப்பாயை எங்கே காயப்போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் வீட்டுக்காரர், இவர், வாங்கி அடுக்கியிருக்கும் புஷ்கிராஃப்ட் புத்தகங்களை, அதாவது காட்டில் சமாளித்து வாழும் வித்தையைச் சொல்கிற புத்தகங்களை, ஒன்றுவிடாமல் புரட்டிவிட்டேன். தார்ப்பாயை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்ட எத்தனை முடிச்சு உண்டோ அத்தனைக்கும் படம் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த ஓரத்தைத் தாழ்த்துவது, கயிற்றோடு வழிந்து வரும் தண்ணீரை எப்படித் தடுப்பது, எல்லாம் இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய் சொட்டச் சொட்ட நனைந்து, சேறும் சருகும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சேர்ந்தால் அதை என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. அந்த அத்தியாயம் என் தலையில் எழுதியிருக்கிறது.

காட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழைமேலும் இல்லை. நாஞ்சில் நாட்டுக்காரி நான். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று வருஷத்துக்கு இரண்டு மழை பார்த்து வளர்ந்தவள். இவர் பெரம்பூரில் வளர்ந்தவர். மழை என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் முழங்கால் தண்ணீரும் பள்ளிக்கூட லீவும்தான். அதனால்தானோ என்னவோ, இங்கிலாந்துக்கு வந்து இத்தனை காலம் கழித்து, காசு கட்டி மழையில் நிற்க ஆசை வந்திருக்கிறது.

இந்த ஊரில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு ஒரு நாள் காட்டுக்குப் போகலாம். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டலாம், தார்ப்பாயில் கூரை கட்டலாம், கத்தியால் மரக்கரண்டி செதுக்கலாம், தீயில் ரொட்டி சுடலாம். அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடங்களுக்கு ஹாஃப் டேர்ம் விடுமுறை வருமே, அந்த வாரத்துக்கென்று இவர் ஆகஸ்டிலேயே நாலு பேருக்கும் பணம் கட்டிவிட்டார். அக்டோபர் கடைசியில் கென்ட் காட்டில் வெயிலா அடிக்கும்? கேட்டேன். "மழை பெய்தாலும் நடக்கும்னு போட்டிருக்காங்க" என்றார், அது ஏதோ சலுகை மாதிரி.

உண்மையில் அவர்கள் மழைக்கு ரத்து செய்வதில்லை, காற்றுக்குத்தான் ரத்து செய்வார்கள். பலத்த காற்றில் காய்ந்த கிளை முறிந்து தலையில் விழும், அதனால் காற்றடித்தால் காட்டுக்குள் யாரையும் விடமாட்டார்கள். நியாயம்தான். முந்தின வாரம் முழுக்க நான் வானிலை ஆப்பைத் திறந்து காற்றின் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை நிச்சயம் என்றது. காற்று மட்டும் இலை அசைகிற அளவுக்கு மேல் ஏறவே இல்லை. வாயு பகவான் கைவிட்டுவிட்டார்.

அதற்குள் பட்டியல் வந்து சேர்ந்தது. ஜீன்ஸ் கூடாது, பருத்தி கூடாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் கதகதப்பு விடாது. மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மாற்று உடை, மாற்றுக் காலுறை, அதற்கும் ஒரு மாற்று. வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போன வருஷத்து மழைக்கால்சட்டை இந்த வருஷம் எட்டுமா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எட்டாததை மகளுக்கு இறக்கி, மகனுக்குப் பழைய துணிக்கடையில் தேடி வாங்கி, எல்லாவற்றிலும் பேர் எழுதி, உள்ளே போடும் கம்பளிச் சட்டையைச் சுருங்காமல் கையால் அலசி எடுத்து வைத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவரும் சும்மா இருக்கவில்லை. ஸ்வீடனில் செய்த மோரா கத்தி ஒன்றும், தீப்பொறி தட்டுகிற ஃபயர் ஸ்டீல் ஒன்றும் ஆர்டர் போட்டார். இரண்டும் வந்த அன்று ராத்திரி பதினொரு மணிவரை தோட்டத்தில் நின்று பொறி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தே ஓய்ந்துபோயிற்று.

காடு அழகுதான். இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். வேலிக்கழிக்காக வெட்டி வெட்டித் துளிர்க்க விட்ட செஸ்ட்நட் தோப்பு; ஒரே அடிக்கட்டையிலிருந்து ஆறேழு தண்டு நேராக மேலே போயிருந்தது. இலையெல்லாம் மஞ்சளாகி, பாதி மரத்தில், பாதி காலடியில். மழை மேலே இலையில் விழும் சத்தம் ஒன்று, அங்கே திரண்டு பெரிய சொட்டாகக் கழுத்துக்குள் விழுவது இன்னொன்று. மழை விட்ட பிறகும் காடு அரை மணி நேரம் பெய்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அங்கே கழுத்துக்குள் விழுகிற தண்ணீர் இப்படிப் பல்லைக் கிட்ட வைக்காது.

சொல்லிக்கொடுக்க வந்தவள் சின்னப் பெண். கெட்டிக்காரி. முதலில் தார்ப்பாய். கயிற்றை மரத்தில் கட்டி, தார்ப்பாய் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன நூலைக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள். மரத்திலிருந்து கயிற்றோடு ஓடி வருகிற தண்ணீர் அந்த நூலைக் கண்டதும் அதில் இறங்கிச் சொட்டிவிடும், கூரைக்குள் வராது. என் மகள் அதையே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பிடித்திருந்தது. இவர் கட்டிய கூரையில் நூல் சரியாக இருந்தது, நடுப்பகுதிதான் தொய்ந்துவிட்டது. மழை அதில் தங்கித் தங்கி வயிறு வைத்தது. "அதை அடியிலிருந்து தள்ளாதீங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வருவதற்குள் இவர் கையை உயர்த்தித் தள்ளிவிட்டார். ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அடியில் நின்றது நானும், மாற்று உடை வைத்திருந்த பையும்.

அடுத்தது தீ. நாள் முழுக்க அதற்காகத்தான். ஃபயர் ஸ்டீலைத் தகட்டால் உரசினால் வெள்ளைப் பொறி பறக்கிறது, 3,000 டிகிரி செல்சியஸ் சூடாம். கேட்க மலைப்பாக இருக்கும். பொறி பறக்கிற அந்த உலோகக் கலவையை 1903-இல் செய்தவர் ஆஸ்திரியக்காரர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக். நம்மூர்க் கல்யாண ஊர்வலங்களில் தலையில் தூக்கிப் போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இருக்கிறதே, அதுவும் அவர் கைவேலைதான். பெட்டிக்கடை சிகரெட் லைட்டரில் இருக்கிற கல்லும் இதே சரக்கு. ஆக, இவர் தோட்டத்தில் ராத்திரி பதினொரு மணிவரை தட்டிக்கொண்டிருந்தது கேஸ் இல்லாத லைட்டரை.

பொறி யாருக்கும் வரும். ஈரக் காட்டில் அது விழுந்து பற்ற ஒன்று வேண்டுமே. அந்தப் பெண் பிர்ச் மரத்தின் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, தண்ணீர்க் கோப்பையில் முக்கி, சட்டைக் கையில் துடைத்தாள். கத்தியின் முதுகால் சுரண்டினாள். மஞ்சள் தூள் கொஞ்சம் சேர்ந்தது. ஒரே பொறி. குப்பென்று பிடித்துக் கறுப்புப் புகையோடு எரிந்தது. பட்டையில் எண்ணெய் இருப்பதால் நனைந்தாலும் எரியுமாம். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு விறகு. தரையில் கிடப்பதைத் தொடாதே, அது மழையைக் குடித்திருக்கும். பட்டுப்போய் நின்றுகொண்டிருக்கிற மரத்தில் பார், ஒடித்தால் சடக்கென்று சத்தம் வரவேண்டும். பெரிய கட்டையாக இருந்தால் கத்தியை மேலே வைத்து இன்னொரு கட்டையால் அடித்துப் பிள. வெளியே எவ்வளவு நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள்கட்டையைச் சுருள் சுருளாகச் சீவி, சீவல் விழாமல் குச்சியிலேயே நிற்க வை. அது பற்றும்.

இதெல்லாம் மெய். ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஈரக் கட்டையைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரு எரிச்சல் கிளம்பியது. எங்கள் வீட்டில் ஐப்பசி அடைமழையில் யாரும் காட்டில் போய் விறகு தேடியதில்லை. தேடவேண்டிய நிலைக்கு அம்மா விட்டதே இல்லை. பங்குனி சித்திரை வெயிலில் தென்னை மட்டையும் கொதும்பும் முற்றத்தில் காயும். தொண்டு தனியாக, சிரட்டை தனியாக, ஓலை கட்டுக்கட்டாக. பிற்பகலில் மேகம் திரண்டால் எல்லாவற்றையும் ஓடி ஓடி அள்ளி உள்ளே போடவேண்டும். வெயில் வந்தால் மறுபடி பரப்பவேண்டும். காய்ந்தது விறகுப்புரைக்குப் போகும். அதிலும் நல்லதாகப் பார்த்து அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவாள், நாள்தோறும் சமையல் சூட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க. மழை வந்து பிடித்த அன்றைக்கு, தென்னையிலிருந்து உரித்த சில்லாட்டையைக் கையால் கசக்கி அடியில் வைத்து, கொதும்பைக் கீறி மேலே சாய்த்து, ஒரு தீக்குச்சி, ஊதுகுழலில் இரண்டு ஊது. முடிந்தது. கஞ்சி கொதித்துவிடும்.

தீ மூட்டுவது ஒரு நிமிஷ வேலை. விறகைக் காயவைப்பது மூன்று மாத வேலை. அந்த மூன்று மாத வேலையை எந்த ஆணும் செய்து நான் பார்த்ததில்லை. அதை யாரும் படம் பிடித்ததும் இல்லை. காட்டில் இவர்கள் கொண்டாடியது முழுக்க அந்த ஒரு நிமிஷத்தை. எங்கள் குழுவில் இருந்த அப்பாமார் எல்லாரும் சீவல் குச்சியைச் சுற்றி முழங்காலிட்டு, மண்டபத்துக்கு வந்து இறங்கிய புது மருமகனைக் கவனிப்பதுபோல் அந்தத் தீயைக் கவனித்தார்கள். அதற்குக் காற்று போதுமா, பசிக்கிறதா, இன்னும் ஒரு குச்சி வைக்கலாமா. அம்மாமார் நாங்கள் அப்பால் நின்று பிள்ளைகளின் ஈரக் கையுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தோம். ஒருத்திக்கொருத்தி பேர்கூடத் தெரியாது. பிழிகிற விதத்திலேயே ஒரு சிநேகம் வந்துவிட்டது.

ரொட்டியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மாவைக் கயிறாக உருட்டிக் குச்சியில் சுற்றித் தீயில் காட்டவேண்டும். வெளியே கரி, உள்ளே மாவு. மகன் மூன்று தின்றான். வீட்டில் சப்பாத்தி ஓரம் கொஞ்சம் முறுகினால் ஒதுக்கி வைக்கிற பிள்ளை. காட்டுக் கழிப்பறை பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று அடுக்கு ஈரத் துணியை அவிழ்த்து மறுபடி மாட்டுகிற துன்பத்தை எண்ணி நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

செஸ்ட்நட் விறகுக்கு ஒரு குணம் உண்டு: வெடித்துப் பொறி தெறிக்கும். மகளின் புது மழைக்கோட்டில் மிளகு அளவில் நாலைந்து ஓட்டை. நைலான் உருகி ஓரம் சுருண்டுவிட்டது. மழைக்கோட்டில் ஓட்டை விழுந்தால் அது மழைக்கோட்டா? ஒட்டுப்போட என் மேசைமேல் இன்னும் கிடக்கிறது.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். காட்டுக்குள் அதற்கும் முன்னால் இருட்டு. கைவிளக்கு வெளிச்சத்தில் தார்ப்பாயை அவிழ்த்து, மடிக்க முடியாமல் மடித்து, பிள்ளைகளின் பூட்ஸைக் கழற்றினால் ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கார் இருக்கையில் குப்பைப் பை விரித்து உட்கார வைத்துக் கூட்டி வந்தோம். இவர் வழி முழுக்கச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். "ஒரு மழைத்துளியைக்கூட நாம வீணாக்கலை இல்ல?" என்றார். இல்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் வந்தோம்.

மழை காட்டில் அன்றைக்கே விட்டுவிட்டது. எங்கள் வீட்டில் அப்புறம்தான் தொடங்கியது. மாடிப்படிக் கைப்பிடியில் கால்சட்டைகள். ரேடியேட்டர் ஒவ்வொன்றின்மேலும் காலுறை, கையுறை, கழுத்துத்துணி. தார்ப்பாய் குளியலறையில் திரைக்கம்பிமேல், அது சொட்டி முடிகிறவரை யாரும் குளிக்க முடியாது. கயிறுகளைச் சுருள் பிரித்துக் கதவுக் கைப்பிடிகளில் மாட்டியதால் எந்தக் கதவையும் சாத்த முடியவில்லை. அக்டோபர் கடைசியில் வெளியே கொடியில் போட்டால் காயாது, இன்னும் நனையும். சலவை இயந்திரத்தோடு இருக்கிற உலர்த்தியில் போடலாமே என்பீர்கள். கம்பளி சுருங்கும். ரப்பர் பூட்ஸ் போகாது. மழைக்கோட்டை வழக்கமான சோப்புத்தூளில் துவைக்கக்கூடாது. துணியை மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு பட்டாலும் அதன் மேல்பூச்சு கெட்டு, அப்புறம் தண்ணீர் உருண்டோடாமல் உள்ளே இறங்கும். அதற்கென்று தனிச் சோப்பு வாங்கவேண்டும். தோல் பூட்ஸை ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும், உள்ளே செய்தித்தாளைத் திணித்துத் திணித்துத்தான் காயவைக்கவேண்டும். செய்தித்தாளுக்கு எங்கே போக? எல்லாரும் ஃபோனில்தான் படிக்கிறோம். கடைசியில் பிட்சாக்கடை விளம்பரத் தாள்களை உருட்டித் திணித்தேன். வழவழத் தாள், ஈரத்தைத் தொடவே இல்லை.

ஈரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதை இந்த நாட்டில் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. குளிருக்கு அடைத்துக் கட்டிய வீடுகள். துணியிலிருந்து போகிற ஈரம் எங்கே போகும்? ஜன்னலில் வழியும், சுவர் மூலையில் உட்காரும், பின்னாலேயே கறுப்புப் பூஞ்சை வரும். ராச்டேல் நகரில் பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020-இல் இறந்துபோனான். பூஞ்சையே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை சொன்னது. 2023-இல் சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் அவன் பெயராலேயே ஒரு பிரிவு வந்தது. அந்த வீட்டின் கதை வேறு. அங்கே பெற்றோர் கேட்டும் கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து என் வீட்டுச் சுவரில் ஈரம் கண்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. குளிருகிறது என்று பிள்ளைகள் கத்தக் கத்த ஜன்னலைத் திறந்து வைப்பேன். சூடேற்றியையும் போட்டு ஜன்னலையும் திறந்து வைத்தால் மின்கட்டணம் என்ன ஆகும் என்று இவர் கேட்பார். கேட்பதற்கு மட்டும் வந்துவிடுவார்.

அந்த வாரத்தில்தான் தீபாவளி. காட்டுக்குப் போய்வந்த மறுநாளுக்கு மறுநாள். முறுக்கு சுட எண்ணெய்ச் சட்டி வைத்தால் பின்னால் கொடியில் ஈரக் கம்பளி. வீடு முழுக்கப் புகைவாசம் வேறு. விறகுப் புகை நனைந்த கம்பளியில் ஏறினால் இரண்டு அலசலுக்குப் போவதில்லை. புதுத்துணியில் மஞ்சள் தடவி வைக்க உலர்ந்த இடமாக வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லை. வந்த சிநேகிதி வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, "வேட்டு வெடிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். ஃபோனை அறை அறையாகக் கொண்டுபோனேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எதுக்கு மக்ளே இந்த வேண்டாத சோலி? கேஸ் இல்லாத ஊரா அது?" என்றாள். புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கியே முப்பது வருஷம் சோறு பொங்கியவள். கேஸ் அடுப்பு வந்த அன்றைக்கு அதற்குச் சந்தனப்பொட்டு வைத்தவள். அவளிடம் புஷ்கிராஃப்டை எப்படி விளக்குவது? "பிள்ளைகளுக்குத் தீ மூட்டப் படிச்சுக் குடுக்காங்கம்மா" என்றேன். "அணைக்கப் படிச்சுக் குடுக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

அத்தைக்கு வேறு காட்சி போயிருந்தது. இவர் குடும்பக் குழுவில் போட்ட படங்கள்: தீக்கு முன்னால் பிள்ளைகள், சீவல் குச்சியோடு பிள்ளைகள், இவர் கட்டிய கூரை (தொய்வதற்கு முன்னால் எடுத்தது). பெரம்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் கைகூப்பிய பொம்மைகள் வந்து விழுந்தன. பிள்ளைகளை எவ்வளவு அருமையாக வளர்க்கிறான் பார் என்றார் பெரிய மாமா. எந்தப் படத்திலும் நான் இல்லை. இருந்திருந்தாலும் முதுகுதான் தெரிந்திருக்கும், பைக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டு.

இவரிடம் ஏதாவது சொன்னால் கைவசம் ஒரு பழமொழி வைத்திருக்கிறார். மோசமான வானிலை என்று எதுவும் கிடையாது, தப்பான உடுப்புதான் உண்டு என்கிற மாதிரி. நார்வே, ஸ்வீடன் பக்கம் எல்லார் வாயிலும் இருக்கிற பேச்சு, இங்கேயும் காட்டுப்பள்ளி நடத்துகிறவர்கள் மந்திரம்போலச் சொல்வார்கள். இந்தக் காட்டுப்பள்ளி யோசனையே வடக்கிலிருந்து வந்ததுதான். 1993-இல் சாமர்செட்டில் இருக்கிற பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் டென்மார்க் போய், அங்கே சின்னப் பிள்ளைகளை எந்தக் காலநிலையிலும் வெளியே விட்டு வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான், என் பிள்ளைகளும் அதில் படித்தவர்கள்தான். ஆனால் ஸ்வீடனில் பாலர் பள்ளிகளில் ஈர உடுப்பு காயவைக்கிற அலமாரி என்று ஒன்று நிற்கும். ஆள் உயரத்துக்கு, உள்ளே சூடான காற்று ஓடும். நனைந்து வருகிற பிள்ளையின் கையுறைமுதல் பூட்ஸ்வரை அதற்குள் போகும். அடுக்குமாடிகளின் பொதுச் சலவை அறையிலும் அது உண்டு. மழையில் பிள்ளையை அனுப்புகிற துணிச்சல் அவர்களுக்குப் பழமொழியிலிருந்து வரவில்லை, அந்த அலமாரியிலிருந்து வருகிறது. இங்கே இருக்கிறவர்கள் பழமொழியை இறக்குமதி செய்துவிட்டு அலமாரியை அங்கேயே விட்டுவிட்டார்கள். அலமாரிக்குப் பதில் ஆள் இருக்கிறாளே வீட்டில்.

1907-இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டிப்போய் முகாம் போட்டதிலிருந்துதான் சாரணர் இயக்கமே தொடங்கியது என்பார்கள். இவர் அதை உணர்ச்சியோடு சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பையன்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்களே, மூட்டையை யார் பிரித்தது?

மூட்டையைப் பிரிப்பது என்றால் வெறும் துணி மட்டும் இல்லை. காய வைக்கலாம் என்று இவருடைய முதுகுப்பையைக் கவிழ்த்தேன், சருகோடு சேர்ந்து மோரா கத்தி தரையில் விழுந்தது. அது இவர் திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துப் போகிற பை. இந்த நாட்டில் மூன்று அங்குலத்துக்குள் இருக்கிற, பூட்டு விழாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எந்தக் கத்தியையும் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போனால் குற்றம். ரயிலில் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னால், ஹாஃப் டேர்மில் கரண்டி செதுக்கினேன் என்றா சொல்வார்? கேட்டதற்கு, "நல்ல வேளை நீ பார்த்தே" என்று சிரித்தார். இந்த நல்ல வேளை நானாக இருப்பது எப்படி ஒவ்வொரு தடவையும் தற்செயலாகவே நடக்கிறது?

பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், அதை மறைக்க மாட்டேன். மகள் இப்போது மழை பெய்தால் ஜன்னலோரம் நின்று எந்த மரத்தில் பட்டை உரிக்கலாம் என்று பார்க்கிறாள். மகன் தோட்டத்தில் ஈரக் குச்சியை ஒடித்துக் காதில் வைத்து சத்தம் கேட்கிறான். அதற்காகத்தான் போனது என்றால் போனது சரிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களே, கடைசி ஒரு மணி நேரம் தார்ப்பாயைத் துடைத்து மடிக்கவும், பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவும், கம்பளியைப் பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தவும் சொல்லிக்கொடுக்கக் கூடாதா? காட்டில் ஆறு மணி நேரம் உயிரோடு இருந்தவனுக்கு வீட்டில் ஒரு காலுறையைக் காயப்போடத் தெரியவில்லை என்றால் அவன் என்ன கற்றான்? பணம் வாங்குகிறவர்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கருத்துப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. தீ எப்படி, சாப்பாடு எப்படி, மறுபடி வருவீர்களா, அவ்வளவுதான்.

மறுபடி வருகிறோம். பிப்ரவரி ஹாஃப் டேர்முக்கு இவர் முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்த மாதம் மழையோடு பனியும் வருமாம், அதற்கென்று தனிப் பட்டியல். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வேணா இந்தத் தடவை வர வேண்டாம், நாங்க மூணு பேரும் போய்ட்டு வரோம், நீ வீட்ல ரெஸ்ட் எடு" என்றார். மனசாரத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். நான் காட்டுக்குப் போகாவிட்டால் அவர்கள் நனையாமலா வருவார்கள்? கூரை தொய்ந்து தலையில் கொட்டுகிற ஒரு வாளித் தண்ணீரிலிருந்து மட்டும்தான் எனக்கு விடுதலை. மற்றதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் வந்து மணி அடிக்கும்.